மூன்றில் எது வேண்டும் என்று கேட்டாயே, தாமு

அன்புள்ள தாமு,

"போன், டேப், லேப்டாப், மூணுல உனக்கு எது கைக்கு வசதியோ அத மட்டும் வச்சிக்கோம்மா. மீதிய நான் எடுத்துக்கினு போறேன்" என்று போன வாரம் சொன்னாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பதிலுக்கு முன்னால் வேறொன்றை உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆபீஸ் முடிந்து நீ கூப்பிடும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுப்பேன். "சாப்ட்டியாம்மா" என்று நீ கேட்டதும் சாப்பாட்டுப் பேச்சிலேயே முடித்துக்கொண்டு வைத்துவிடுவேன். புரட்டாசி மாதம், கல்யாணம் இல்லை, மண்டபம் வெறிச்சென்று கிடக்கிறது. ஆபீஸ் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. திருத்தணி மண்டப மேனேஜர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவிலும், நம் சொந்தக்காரர்கள் குழுவிலும் போடப் போகிறேன். ஆவணியில் நம் மண்டபத்தில் நடந்த குளறுபடி இரண்டு குழுவிலும் சிரிப்பாய்ச் சிரித்தது. "பையன் செட்டிங் போட்டா இப்படித்தான்" என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே சிரிக்கிற முகங்களாக வந்து விழுந்தன. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு வரி எழுதவில்லை. நாலு பேர் முன்னால் உன் மேல் போட்டதை நாலு பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும். விஷயம் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததைச் சொல்லும்போதும் பொறுமையாகப் படி.

சித்தூர் ரோட்டில் இருக்கிற இந்த மண்டபத்தின் முதலாளி சென்னையில் இருக்கிறார். தேதி கொடுப்பதிலிருந்து சாவி கொடுப்பது, ஜெனரேட்டர், தண்ணீர் லாரி, சமையல்காரர்களின் சண்டை வரைக்கும் இங்கே எல்லாம் என் பொறுப்பு. பல வருஷம் சுவரில் மாட்டிய பெரிய காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டே ஓட்டினேன். பிறகு எல்லோரும் போனிலேயே தேதி கேட்க ஆரம்பித்தார்கள். நான் மலைக்குப் போயிருந்தாலும், அரக்கோணத்தில் அப்பாவின் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தாலும், உடனே சொல்ல வேண்டும், இல்லையென்றால் அடுத்த மண்டபத்துக்குப் போய்விடுவார்கள். அப்போது நீதான் என் போனில் காலண்டர் போட்டுக் கொடுத்தாய். "தேதிய தொடு, பேர எழுது, அவ்ளோதான். உன் வேலைக்கு இந்தப் போனே போதும்மா" என்றாய். அது போதுமாகத்தான் இருந்தது.

எனக்குத்தான் போதவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மண்டபத்தில் புதிதாக வந்த மேனேஜர் மேஜை மேல் லேப்டாப் வைத்திருந்தார். நான் அவரிடம் ஒரு வேலையாகப் போனபோது, அதைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே பேசினார். வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் லேப்டாப் வேண்டும் என்றேன். எதற்கு என்று நீ கேட்டதற்கு, கணக்கு எழுத என்று சொன்னேன். வாங்கிக் கொடுத்தாய். கொஞ்ச நாள் கழித்து, அது கனமாக இருக்கிறது, வருகிறவர்களுக்கு மண்டபத்துப் படம் காட்டத் தோதுப்படவில்லை என்று டேப் கேட்டேன். அதையும் வாங்கிக் கொடுத்தாய். சரியான காரணம், சரியான தேவை என்று நீ நம்பினாய். எனக்கு வேண்டியிருந்தது மேஜை மேல் ஒரு பொருள். வருகிறவர்கள் என்னை வெறும் சாவிக்காரம்மா என்று நினைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

உன் கல்யாணத்தன்று என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். நம் மண்டபத்திலேயே கல்யாணம். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு தோளில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு சுற்றினேன். அதில் சார்ஜ்கூட இல்லை. உன் மாமனார் ஆசையாக, "நிச்சயதார்த்தப் போட்டோ அதுல இருக்குதுங்களா, கொஞ்சம் காட்டுங்களேன்" என்றார். "இங்க நெட் கிடைக்கலைங்க" என்று சொன்னேன். போட்டோ பார்க்க எதற்கு நெட் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும். மாலையோடு மணவறையில் இருந்த நீ அதைக் கேட்டுவிட்டு, "மாமா, என் போன்ல நல்லா இருக்கு, இதப் பாருங்க" என்று எடுத்து நீட்டினாய். அப்போதே நீ என்னை மூடி மறைக்க ஆரம்பித்துவிட்டாய். நானும் அதற்குப் பழகிக்கொண்டேன்.

டேப் வந்தபோது நீ திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "மூணு மிஷின் இருக்குதேன்னு மூணு காலண்டர் இல்லம்மா. மூணுலயும் ஒரே ஐடி போடு. அப்பதான் ஒண்ணுல எழுதறது மத்ததுலயும் தெரியும்." ஆங் என்று தலையாட்டினேன். டேப்பைத் திறந்து வேலை தொடங்கலாம் என்று உட்கார்ந்தால் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. ஏற்கெனவே உன்னிடம் சில தடவை கேட்டிருந்தேன். நீ ஒரு தடவைகூடச் சலித்துக்கொண்டதில்லை. ஆனாலும் கேட்க வெட்கமாக இருந்தது. உன் பெண்டாட்டி பக்கத்தில் இருப்பாள், இந்த அம்மாவுக்கு இதுகூட நிற்காதா என்று நினைப்பாள் என்று தோன்றியது. அவள் அப்படி நினைக்கிற பெண் இல்லை என்பது வேறு விஷயம். டேப்பில் புதிய ஐடி ஒன்றை நானே உருவாக்கிக்கொண்டேன். உன் உதவி இல்லாமல் செய்துவிட்டேன் என்று பெருமையாகக்கூட இருந்தது. "டேப்ல எல்லாம் சரியா தெரியுதாம்மா" என்று நீ கேட்டாய். "எல்லாம் பாத்துகினுதான் இருக்கேன்" என்றேன். அதில் காலண்டர் வெள்ளையாக இருந்தது. தேதிகளெல்லாம் மெதுவாக வந்து சேரும் என்று நினைத்துக்கொண்டேன்.

வைகாசியில் ஒருநாள் கனகம்மாசத்திரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். நகரியிலிருந்து சுப்பிரமணியம் என்பவர் கூப்பிட்டார். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம், ஆவணி வளர்பிறை முகூர்த்தம் வேண்டும் என்றார். நின்றபடியே போனில் பார்த்தேன், தேதி காலி. அவர் பெயரை எழுதிவிட்டு, உறுதி என்று சொல்லிவிட்டேன். ஒரு கையில் தாம்பூலப் பை, ஒரு கையில் போன், பஸ் வருவதற்குள் வேலை முடிந்தது. அதற்குச் சில வாரம் கழித்துப் பொதட்டூர்பேட்டையிலிருந்து லோகநாதன் தன் மனைவியோடு நேரில் வந்தார். அவர்கள் மகனுக்குக் கல்யாணம். அதே தேதி. நான் டேப்பை எடுத்து வைத்துக்கொண்டு ஆவணி மாதத்தை விரலால் தள்ளிக் காட்டினேன். அந்த அம்மா, "டேப்லயே பாக்கறீங்களே, நல்லா இருக்குது" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நகரியிலிருந்து யாரோ கேட்டார்களே என்று மனதில் ஒரு மூலையில் வந்தது, தாமு. வரவில்லை என்று சொன்னால் பொய். பக்கத்து அறையில் சார்ஜில் கிடந்த போனை எடுத்து ஒருமுறை பார்த்திருக்கலாம். டேப்பில் காட்டிவிட்டு மறுபடி போனைத் தேடிப் போனால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இருந்துவிட்டேன். "காலியா இருக்குதுங்க" என்று சொல்லி அவர்கள் பெயரை டேப்பில் எழுதினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், பூ அலங்காரக்காரர் வாசலில் தெர்மாகோல் எழுத்தில் மணமக்கள் பெயரை ஒட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கினவர்களும் அலங்காரக்காரர்கள்தான். அவர்கள் கையில் வேறு இரண்டு பெயர். "இன்னாக்கா, எந்தப் பேரு ஒட்றது" என்று என்னைக் கேட்டார்கள். போனையும் டேப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றில் நகரி, இன்னொன்றில் பொதட்டூர்பேட்டை. அதற்குள் மலையில் சாமி கும்பிட்டுவிட்டு நகரிக்காரர்கள் நெற்றியில் விபூதியோடு வந்து இறங்கினார்கள். பின்னாலேயே பொதட்டூர்பேட்டை பஸ்ஸும் வந்தது. இரண்டு வீட்டுச் சீர்வரிசைத் தட்டும் ஒரே வாசலில் நின்றது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு சுப்பிரமணியம் தெலுங்கும் தமிழுமாக, "ஏமம்மா இது, மூணு மாசம் முன்னாடியே சொன்னேனே" என்றார். லோகநாதன், "நாங்க நேர்ல வந்து பாத்துட்டுதானே போனோம்" என்றார். சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஊர் முழுவதும் முகூர்த்தம், வேறு மண்டபம் எதுவும் காலி இல்லை. பந்தல்காரர் முதல் சமையல்காரர் வரை எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நான் சொன்னது இதுதான். மறக்காமல் இருக்க வேண்டும் என்று அப்படியே எழுதுகிறேன். "நான் இன்னாங்க பண்றது. கம்ப்யூட்டர் எல்லாம் எம் பையன்தான் போட்டுக் குடுத்தான். அவன் தப்பா போட்டுட்டான்."

"கூப்புடுங்க அவன" என்றார் சுப்பிரமணியம். உனக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னார், போட்டேன். "தாமு, காலண்டர்ல ஒரே தேதிக்கு ரெண்டு பார்ட்டி வந்துட்டாங்க, நீ போட்டுக் குடுத்ததுதான தப்பா காட்டுது" என்று கேட்டேன். கேட்டதுமே உனக்கு எல்லாம் புரிந்திருக்கும். அப்படியும் சொன்னாய்: "ஆமாங்க, நான்தான் சரியா பண்ணல. அம்மா மேல ஒண்ணும் தப்பில்லைங்க. மன்னிச்சுடுங்க, நான் இப்பவே கிளம்பி வரேன்." அதற்கப்புறம் அவர் உன்னைப் பேசிய பேச்சை நான் இங்கே எழுத மாட்டேன். படிச்சவனா நீ என்பது அதில் குறைந்த பேச்சு. நீ ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றாய். உன்னைத் திட்டத் திட்ட அங்கே சுற்றி நின்றவர்களின் பார்வை என்னை விட்டு விலகியது. அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா. அப்பாடா என்று இருந்தது. பெற்ற பிள்ளையைக் கண்ணெதிரே ஊர்க்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள், பெற்றவளுக்கு மூச்சு லேசாகிறது. இதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. உன் அப்பாவிடமும் சொல்லவில்லை.

கல்யாணம் நடந்ததற்கு நான் காரணம் இல்லை. நகரிப் பெண்ணின் அம்மாதான் முதலில் முகூர்த்த நேரத்தைக் கேட்டார். அவர்களுக்கு விடியற்காலை முகூர்த்தம், பொதட்டூர்பேட்டைக்காரர்களுக்கு அதற்கடுத்தது. "எங்க பொண்ணுக்குத் தாலி ஏறினதும் நாங்க மேடைய விட்டுடறோம். ரெண்டு பொண்ணுங்களும் கண்ண கசக்காம போவட்டும்" என்று அவர் சொன்ன பிறகுதான் ஆண்களின் குரல் இறங்கியது. சாயங்கால வரவேற்புக்கு ஒரு வீட்டுக்குக் கீழே ஹால், இன்னொரு வீட்டுக்கு மொட்டை மாடியில் ஷாமியானா என்று முடிவானது. நாற்காலிகளை மாடிக்கு ஏற்ற ஆள் போதவில்லை. பொழுது சாயும் நேரத்தில் நீ பைக்கில் வந்து இறங்கினாய். அம்பத்தூர் ஆபீஸிலிருந்து அந்த டிராபிக்கில் எப்படி வந்தாயோ. சட்டைக் கையை மடித்துக்கொண்டு நேராக நாற்காலியைத் தூக்கினாய். "இவன்தான் அந்தக் கம்ப்யூட்டரு" என்று யாரோ சொல்ல, மாடிப்படி முழுக்கச் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் படிக்குக் கீழே தண்ணீர்க் கேன்களை அடுக்குகிற மாதிரி நின்றிருந்தேன். "இவன் இல்லைங்க, நான்தான்" என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். சொல்லவில்லை.

மறுநாள் இரண்டு கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. எல்லோரும் போன பிறகு நீ என் போனையும் டேப்பையும் வாங்கி மேஜையில் வைத்துப் பார்த்தாய். இரண்டு ஐடி இருப்பதைப் பார்த்தாய். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. டேப்பில் இருந்ததை அழித்துவிட்டு சரியான ஐடியைப் போட்டு, "இப்ப சரியாயிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னாய். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, ஒருவழியாக முடிந்திருக்கும். நீ டீ குடித்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அன்றைக்குச் சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். "பையன் தப்புன்னு சொன்னாங்க, போவட்டும். இனிமே ஆபீஸ் வேலையில அவன விடாதீங்க" என்றார். அதற்கும் சரிங்க என்றேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். இந்த ஒரு மாதமாக எதை எதற்கு எடுக்கிறேன் என்று என்னை நானே கவனித்தேன். நின்றுகொண்டும் நடந்துகொண்டும் செய்கிற வேலை எல்லாம் போனில்தான் நடக்கிறது. தேதி கொடுப்பது, லாரிக்காரரைக் கூப்பிடுவது, கரண்ட் பில் கட்டுவது, எதற்கும் அதற்கு மேல் ஒன்று வேண்டாம். நீ முதலில் சொன்னதுதான் சரி. உட்கார்ந்து செய்ய வேண்டியதற்கு லேப்டாப். மாதக் கடைசிக் கணக்கைப் போனில் போட்டால் ஒரு வரியைப் பார்க்கும்போது இன்னொரு வரி மறைந்துவிடுகிறது. இதில் முழுசாகத் தெரிகிறது. இந்தக் கடிதத்தையும் இதில்தான் அடிக்கிறேன். நீ போட்டுக் கொடுத்த தமிழ் எழுத்து எனக்கு வந்துவிட்டது, மெதுவாகத்தான் வருகிறது. டேப் நல்ல பொருள்தான். வருகிறவர்களுக்குச் சமையல்கட்டு, மணமகள் அறை எல்லாம் படம் காட்ட அதைப் போல வசதி இல்லை. ஆனால் அவர்கள் எழுந்து நாலடி நடந்தால் அந்த அறைகளையே பார்த்துவிடலாம். அதை நீ எடுத்துக்கொண்டு போ. படுத்துக்கொண்டு படிக்க நன்றாக இருக்கும் என்று உன் பெண்டாட்டி ஒருமுறை சொன்னாள், அவளிடம் கொடு. அதற்காக இனிமேல் குழப்பம் வராது என்று நினைத்துவிடாதே. ஒரே ஒரு போனை வைத்துக்கொண்டும் நான் இதே தப்பைச் செய்திருப்பேன். தெரியவில்லை என்று சொல்லக் கூசினவள் கையில் எதைக் கொடுத்தாலும் அப்படித்தான்.

பாஸ்வேர்டு மறுபடி மறந்துவிட்டது, தாமு. சொல்லு. உன் பெண்டாட்டி பக்கத்தில் இருக்கும்போதே சொல்லு.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்கிற தகுதி எனக்கு இப்போது குறைவுதான், இருந்தாலும் சொல்கிறேன். அடுத்தவர் தப்பை உன் தலையில் வாங்கிக்கொள்கிற குணம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. எல்லோரும் அதை நல்ல குணம் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் பெருமைப்பட்டேன். நீ வாங்கிக்கொள்வாய் என்று தெரிந்ததால்தான் அன்றைக்கு எனக்கு அவ்வளவு சுலபமாக வாய் வந்தது. ஆபீஸிலும் இப்படித்தான் இருப்பாயோ என்று பயமாக இருக்கிறது. மேலே இருக்கிறவர்கள் தப்பு செய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நீ நிற்பாய். என்னைக் காப்பாற்றியதற்கு நன்றி என்று எழுத கை வரவில்லை. அந்தப் போனில் நீ, "அம்மா, அப்புறம் பேசலாம், இப்ப அவங்களுக்கு என்ன வழின்னு பாரு" என்று சொல்லியிருந்தால் எனக்கு அன்றைக்கே புத்தி வந்திருக்கும்.

போன வெள்ளிக்கிழமை முதலாளியிடம் சொல்லிவிட்டேன். எந்தப் பார்ட்டி, எந்தத் தேதி என்று மறுபடி கேட்டுக்கொண்டார். பிறகு, "இனிமே தேதி குடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போட்டுடுங்கம்மா" என்றார். இத்தனை வருஷத்தில் அப்படி அவர் கேட்டதில்லை. கேட்கட்டும். பொதட்டூர்பேட்டைக்குப் போன் செய்தேன். லோகநாதன் மனைவிதான் எடுத்தார், அவரிடமும் சொன்னேன். "எங்க கல்யாண வீடியோவுல முக்கால்வாசி உங்க பையன்தான் நாற்காலி தூக்கிகினு வர்றான். யாரு யாருன்னு எல்லாரும் கேக்கறாங்க. தப்பு பண்ண பையன்னு சொல்லிகினு இருந்தேன், இனிமே சரியா சொல்றேன்" என்றார்.

நகரிக்கு நேரில் போனேன். போனில் சொல்ல மனம் ஒப்பவில்லை, உன்னை அதிகம் பேசினது அவர்தான். சுப்பிரமணியம் வீட்டில்தான் இருந்தார். அவருடைய பெண்ணும் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பீக்கர் போனில் உன் பேச்சைக் கேட்டபோது எனக்கு மூச்சு லேசானதையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு மோர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் மட்டும், "நைனா, அந்த அண்ணாவ நீ இன்னாலாம் பேசின" என்றாள். அவர் தலையை நிமிர்த்தினார். என்னிடம், "அந்தப் பையன் நம்பரு குடுங்கம்மா" என்றார். கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துத் தன் போனில் ஏற்றிக்கொண்டார்.

இன்றோ நாளையோ அவர் உன்னைக் கூப்பிடுவார். தெரியாத நம்பர் என்று விட்டுவிடாதே, எடு. அவர் பேசுவதை முழுக்கக் கேள், நடுவில் "பரவால்லைங்க" என்று மறிக்காதே. அதைச் சொல்ல அவருக்கும் கஷ்டமாக இருக்கும். அம்மா வந்து என்னவோ சொன்னாரே, உண்மையா என்று கேட்டால், என்னைக் காப்பாற்றப் பார்க்காதே, தாமு. "ஆமாங்க, எங்கம்மா தப்புதான்" என்று சொல்லு.

உன் அம்மா